நிமித்தமும் நிர்வாகமும்

ஒரு காரியம் நிகழ்வதற்கு உபாதானம், நிமித்தம் என இருவகைக் காரணங்கள் உண்டு என்பது நம் ஆன்றோர் கண்ட உண்மை. மண் குடமாவதற்கு மண்ணே உபாதான காரணம். குயவனும் சக்கரமும் தண்டமும் நிமித்த காரணங்கள். குடமாகும் ஆற்றல் மண்ணிடத்தே உள்ளது. அதனால்தான் எத்துணைத் திறம் வாய்ந்த குயவனும் மணலைக் கொண்டு குடம் வனைவதில்லை. ஆயினும் நல்ல மண்ணும் தக்க நிமித்தம் கூடும்வரை மண்ணாகவே கிடக்கும். சுவாத்தியாய வகுப்புகளில் நாம் பலமுறை கேட்டுத் தெளிந்த பாடம் இது.

இப்பாடத்தை ஆன்ம முன்னேற்றத்தோடு மட்டுமே பொருத்திப் பார்ப்பது நம் வழக்கம். இக்கட்டுரையில் அதனை நம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியோடு, அதாவது பலர் கூடி ஒரு செயலைச் செய்யும் நிறுவனங்களோடு, பொருத்திப் பார்க்க விழைகின்றோம். நம்மவருள் பள்ளித் தலைமையாசிரியர் உளர். வங்கி மேலாளர் உளர். அரிசி ஆலையும் அச்சகமும் நடத்துவோர் உளர். ஜினாலய அறங்காவலரும் சங்கச் செயலாளரும் உளர். இவர்களுள் யாரைச் சந்தித்து, "பணி எப்படி நடைபெறுகிறது?" என்று கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. "என்ன செய்வது? ஆட்கள் சரியில்லை" என்பதே அவ்விடை. குயவன் மண்ணைக் குறை கூறும் பேச்சு இது. மண்தான் குற்றமுடையதா, அன்றி வனைந்த முறை குற்றமுடையதா என்பதை எங்ஙனம் அறிவது? அதே மண்ணை வேறொரு குயவனிடம் கொடுத்துப் பார்த்தால் அன்றோ தெரியும்! அத்தகைய சோதனை ஒன்று உண்மையாகவே ஒருமுறை நிகழ்ந்துள்ளது. முதற்கண் அதனைக் காண்போம்.

ஒரே மண், இரு குயவர்

அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்னும் ஊர் உள்ளது. அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்நிறுவனத்தின் ஆலைகளுள் மிகவும் மோசமானது என்று பெயர் பெற்ற ஆலை அது. சாதாரண நாள்களிலேயே நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வருவதில்லை. பணி நேரத்தில் மது அருந்துதலும், திடீர் வேலைநிறுத்தங்களும், மேலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே ஓயாத பூசலும் அங்கு வழக்கமாயிருந்தன. ஆயிரக்கணக்கான புகார்கள் தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்தன. முடிவில், 1982-ஆம் ஆண்டு அவ்வாலை மூடப்பட்டது. "இத்தொழிலாளரைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது" என்பதே அன்று பலரது முடிவாயிருந்தது.

1983-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. மூடிக்கிடந்த அதே ஆலையை மீண்டும் திறப்பது என்றும், நிர்வாகம் டொயோட்டாவின் பொறுப்பில் இருப்பது என்றும் முடிவாயிற்று. 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிற்று. நும்மி என்பது அதன் சுருக்கப் பெயர். இங்கே உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. புதிய ஆலையில் வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளருள் பெரும்பாலோர், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பேர், பழைய ஆலையில் வேலை செய்தவரே. பழைய தொழிற்சங்கமும் தொடர்ந்தது. பூசலுக்குப் பெயர் போன சங்கத் தலைவர்களும் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். மண் மாறவில்லை, குயவன் மட்டும் மாறினான்.

விளைவு என்னாயிற்று? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பல நாட்டுக் கார் ஆலைகளை அளந்து 1990-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதன்படி 1980-களின் பிற்பகுதியில் ஒரு காரைப் பூட்டி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் டகவோகா ஆலைக்கு 16 மணி நேரமே போதுமாயிருந்தது. நும்மிக்கு 19 மணி நேரம். தரத்தை நோக்கினாலோ வியப்பு இன்னும் மிகுதி. நூறு கார்களில் காணப்பட்ட குறைகள் டகவோகாவிலும் 45, நும்மியிலும் 45. ஃப்ராமிங்ஹாமில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! வேலைக்கு வாராதோர் தொகை நூற்றுக்கு இருபதிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கிற்று. "ஒன்றுக்கும் உதவார்" எனப்பட்டவர்கள் இரண்டே ஆண்டுகளில் நாட்டிலேயே சிறந்த கார்களைச் செய்தோர் வரிசையில் இடம்பெற்றனர்.

இயந்திரங்களால் வந்த மாற்றமோ இது என்று ஐயுறலாம். அன்று. அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற ஆலைகளில் இயந்திர மனிதர்களை நிறுவக் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கொண்டிருந்தது. அவ்வளவு புதுமையான கருவிகள் நும்மியில் இல்லை. உபாதானம் முன்பும் இருந்தது. அதனை வெளிப்படுத்தத்தக்க நிமித்தம் பின்னரே வாய்த்தது.

அறுந்த நூலும் நின்ற தறியும்

அந்த நிமித்தத்தின் இயல்பு யாது? அதனை விளக்க ஒரு கயிற்றின் கதையைக் கூறுதல் வேண்டும்.

கார் ஆலையில் அசெம்பிளி லைன் என்று ஒன்று உண்டு. பூட்டப்படும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு தொழிலாளியும் தன்னைக் கடந்து செல்லும் காரில் தனக்குரிய உறுப்பைப் பொருத்துவார். பழைய ஃப்ரீமாண்ட் ஆலையில் ஒரு விதி இருந்தது: எது நேரினும் லைன் நிற்றல் கூடாது. ஒரு திருகாணி சரியாகப் பூட்டப்படவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் போய்க்கொண்டேயிருக்கும். அடுத்தவர் அதன்மேல் வேறோர் உறுப்பை வைத்து மூடுவார். கடைசியில் அக்குறையைத் திருத்தத் தனி முற்றமும் தனி ஆள்களும் தேவைப்பட்டன. லைனை நிறுத்தியவர் வேலையை இழக்க நேரும் என்ற அச்சம் நிலவியது. ஆகவே கண்டவர் வாய் திறவார். கேட்க வேண்டியவர் கேளார்.

டொயோட்டா வந்ததும் லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டப்பட்டது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். இழுத்தவுடன் ஒரு விளக்கு எரியும். ஒரு மெட்டு ஒலிக்கும். ஐந்தாறு பேருக்கு ஒருவராக அமைந்த குழுத்தலைவர் அவ்விடத்துக்கு விரைந்து வருவார். குறை உடனே தீர்ந்தால் கயிற்றை மீண்டும் இழுக்க, லைன் நில்லாமலே ஓடும். தீராவிடின் லைன் நிற்கும். நின்றபின் எழும் கேள்வி, "யார் செய்தது?" என்பது அன்று, "ஏன் நேர்ந்தது?" என்பதே. அந்த 'ஏன்' என்னும் வினாவையும் ஒருமுறை கேட்டு விடாமல், விடை கிடைத்ததும் அவ்விடைக்கும் காரணம் கேட்டு, இவ்வாறு ஐந்து படி இறங்கி மூலத்தைக் காணல் அவர்கள் பழக்கம்.

இம்முறையின் வேர் ஒரு நெசவுத் தறியில் உள்ளது என்பது நம் நாட்டவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. டொயோட்டா குடும்பத்து முன்னோரான சாகிச்சி டொயோடா என்பார் தறி செய்தவர். அவர் 1924-இல் முற்றுவித்த தானியங்கித் தறியில், ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு மேலும் மேலும் நெய்து துணி முழுவதையும் பாழாக்குவதினும், அறுந்த கணத்திலேயே நின்று முடிச்சிடுதல் நன்று அன்றோ? தறிக்குக் கொடுத்த அந்த உரிமையை அவர் வழிவந்தோர் மனிதருக்குக் கொடுத்தனர். நிர்வாகம் பற்றி நாம் கற்கத்தக்க முதற்பாடம் இதுவே என்போம்: குறையைக் கண்டவர் அஞ்சாமல் சொல்லவும், சொன்னதைக் கேட்டுத் தலைவர் உடனே துணைக்கு வரவும் வழி உள்ள இடத்தில் பணி சிறக்கும்; அவ்வழி அடைபட்ட இடத்தில் சிதையும்.

குறையை வெளிப்படுத்தலும் உபகூஹனமும்

இது நமக்குப் புதியதன்று. நம் துறவற ஒழுக்கத்தில் பிராயச்சித்தம் என்னும் அகத்தவம் ஒன்பது வகைப்படும் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவற்றுள் முதலாவது ஆலோசனை. தம்மிடத்து நேர்ந்த பிழையை ஒளியாமல் ஆச்சாரியரிடம் எடுத்துரைத்தலே ஆலோசனை எனப்படும். இரண்டாவதாகிய பிரதிக்கிரமணமும், தவம் முதலிய பிறவும் அதன் பின்னரே வருகின்றன. பிழை வெளிப்படாத இடத்தில் திருத்தத்திற்கு இடமில்லை என்பதால்தான் ஆலோசனை முதலில் வைக்கப்பட்டது போலும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூஹனமும் ஒன்றாயிற்றே! பிறர் குற்றத்தை மறைத்தல் அல்லவோ உபகூஹனம்? அங்ஙனமாயின் குறையைக் கண்டவுடன் கயிற்றை இழுத்து ஊரறியச் செய்தல் அதற்கு மாறாகாதோ? மாறாகாது. உபகூஹனம் பிழைத்தவரைத் தூற்றாது காக்கச் சொல்கிறது. பிழையை வளரவிடச் சொல்லவில்லை. அதனை அடுத்து வரும் அங்கம் ஸ்திதிகரணம், நெறியினின்றும் வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தல். அதற்கும் அடுத்தது வாத்ஸல்யம், உடன் வாழும் அறவோரிடத்து அன்பு. இம்மூன்றையும் தொடர்ந்து நோக்கினால் கருத்து விளங்கும். ஆளை மானம் கெடாமல் காத்து, வேலையை நேராக்கி, அன்பு குன்றாமல் உடன் நிற்க வேண்டும். நும்மியில் கயிறு இழுக்கப்பட்டதும் ஓடிவந்த குழுத்தலைவர் செய்தது ஏறத்தாழ இதுவே. நம் சங்கங்களிலோ பல வேளைகளில் இது தலைகீழாக நடக்கிறது. குறை மறைக்கப்படுகிறது, ஆள் தூற்றப்படுகிறார்.

நம் அனுபவத்தில் கண்ட ஒன்றைக் கூறினால் இது தெளிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் செயற்குழுவில் நாம் இருந்தோம். அதன் பொறுப்பில் ஜினாலயத்தை ஒட்டி ஒரு சிறு நூலகம் இருந்தது. பழைய அச்சு நூல்களும், நம் முன்னோர் பலர் கைப்பட எழுதிவைத்த உரைக்குறிப்பேடுகளும் அங்கே ஓர் அலமாரியில் இருந்தன. விடுமுறையில் நூல்களுக்கு வரிசையெண் எழுத ஒரு கல்லூரி மாணவி தாமாக முன்வந்தார். மூன்றாம் நாளே குழுக் கூட்டத்துக்கு வந்து, "ஐயா, அலமாரிக்கு நேர்மேலே கூரை ஒழுகிய தடம் இருக்கிறது. மழைக்கு முன் ஓட்டை மாற்ற வேண்டும்" என்றார். குழுவில் மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வந்து மூன்று நாள் ஆகவில்லை, குறை சொல்லத் தொடங்கிவிட்டாயே அம்மா! ஓடு வாங்க நீ நன்கொடை தருகிறாயா?" என்றார். அனைவரும் சிரித்தனர். நாமும் பக்கத்தில்தான் இருந்தோம், வாய் திறக்கவில்லை. அவர் மூத்தவர், கூட்டத்தில் மறுத்துப் பேசலாகாது என்று எண்ணிக் கொண்டோம்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் அலமாரி நனைந்தது. கதவைத் திறந்து பார்த்தபோது நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போலாகியிருந்தன. கையெழுத்துக் குறிப்பேடுகளில் மை கரைந்து ஓடியிருந்தது. படிகள் வேறு இல்லாத ஏடுகள் அவை. பிறகு விசாரித்தபோது, அம்மாணவியைத் தவிர அர்ச்சகரும், துப்புரவுப் பணியாளரும், இரு குழு உறுப்பினரும் ஒழுகலை அறிந்திருந்தனர் என்பது தெரியவந்தது. "சொன்னால் என்ன கேட்கப் போகிறார்கள்?" என்று அனைவரும் இருந்துவிட்டனர். அந்தப் பெண் திருமணமாகி வேறூரில் வாழ்கிறார். ஜினாலயத்துக்கு வருகிறார், சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. அன்று நாம் இழந்தவற்றுள் பெரியது ஏடுகளோ, அவரோ என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறோம். நூல் அறுந்ததைச் சொன்னவரை நகைத்தோம். அறுந்த நூலோடு நெய்துகொண்டே போனோம். அக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஆலோசனையாகவே எழுதுகின்றோம்.

தாம் ஒழுகி ஒழுகுவித்தல்

இனி, அஞ்சாமல் சொல்லும் நிலையை உண்டாக்குவது யாது? "தயங்காமல் சொல்லுங்கள்" என்று அறிவிப்புப் பலகை எழுதி மாட்டினால் போதுமா? போதாது. நும்மியின் வெற்றியைக் கண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற ஆலைகள் சிலவற்றிலும் கயிறு கட்டிப் பார்த்தது. ஆயினும் பழைய மேலாளர்கள் பழைய மனத்தோடேயே இருந்த இடங்களில் கயிறு பயன் தரவில்லை. புறத்தோற்றத்தைப் பெயர்த்துக் கொண்டு செல்வது எளிது. உள்ளத்தைப் பெயர்ப்பது அரிது.

நும்மியில் தலைவர்களின் ஒழுக்கமே முதலில் மாறிற்று. மேலாளருக்கென்று தனி உணவுக்கூடம் இல்லை. தனி வாகன நிறுத்துமிடமும் இல்லை. தொழிலாளரோடு அமர்ந்தே உண்டனர். பழைய ஆலையில் எண்பதுக்கும் மேற்பட்டிருந்த வேலைப் பிரிவுகள் மிகச் சிலவாகக் குறைக்கப்பட்டன. குழுத்தலைவர் பல நூறு பேரை ஜப்பானுக்கே அனுப்பி, அங்குள்ள தொழிலாளர் பக்கத்தில் நின்று பழகச் செய்தனர். தொழிற்சங்கத்தோடு செய்த உடன்படிக்கையில், நெருக்கடி வந்தால் முதலில் மேலாளர் ஊதியத்தைக் குறைத்த பின்னரே ஆள்குறைப்பைப் பற்றி நினைப்பது என்று எழுதிக் கொடுத்தனர். 1988-இல் விற்பனை சரிந்து ஆலை பாதித் திறனை ஒட்டியே ஓடியபோது அச்சொல்லுக்குச் சோதனை வந்தது. ஒருவரையும் நீக்கவில்லை. வேலையற்றிருந்தோர்க்குப் பயிற்சி கொடுத்தனர். வேலைமுறைகளைச் செப்பனிடும் குழுக்களில் சேர்த்தனர். சொன்ன சொல் காக்கப்பட்டதைக் கண்ட பிறகே, கயிற்றை இழுப்பதால் கேடு வாராது என்பதைத் தொழிலாளர் முழுமையாக நம்பினர் எனலாம்.

நம் ஆகமங்கள் ஆச்சாரியருக்குக் கூறும் இலக்கணத்தை இங்கே நினைவுகூர்வோம். தர்சனம், ஞானம், சாரித்திரம், தவம், வீரியம் என்னும் ஐந்து ஆசாரங்களையும் தாம் ஒழுகிப் பிறரையும் ஒழுகச் செய்பவரே ஆச்சாரியர். இரண்டு சொற்களின் முறைவைப்பைக் கவனித்தல் வேண்டும். தாம் ஒழுகுதல் முன், ஒழுகுவித்தல் பின். கணக்கைக் காலத்தில் முடிக்காத பொருளாளர் மற்றவரிடம் காலந்தவறாமையை எதிர்பார்த்தல் இயலாது. தம் பிழையை ஒருமுறையேனும் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாத தலைவரிடம் பிறர் தம் பிழையைச் சொல்ல வாரார்.

மும்பை நெசவாலைகள் காட்டும் பாடம்

ஜப்பானியரால் இயன்றது நம் நாட்டில் இயலுமோ என்று கேட்போர் உண்டு. அதற்கும் ஒரு சோதனை விடை தருகிறது. 2008-ஆம் ஆண்டு தொடங்கி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மும்பையை அடுத்த பகுதிகளில் பருத்தித் துணி நெய்யும் ஆலைகளில் ஓர் ஆய்வு நடத்தினர். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள், அனைத்தும் குடும்பத்தார் நடத்துபவை. சில ஆலைகளுக்குச் சில மாதங்கள் நிர்வாகப் பயிற்சி கொடுத்தனர். மற்றவற்றை ஒப்புநோக்குவதற்காக அவ்வாறே விட்டனர். கற்பித்தவை வியத்தகு வித்தைகள் அல்ல. தரையைச் சுத்தமாக வைத்தல், கருவிகளை அவற்றின் இடத்தில் வைத்தல், நூல் இருப்புக்குப் பெயரும் எண்ணும் எழுதுதல், இயந்திரம் பழுதாகும் முன்பே பேணுதல், துணியில் கண்ட குறைகளை நாள்தோறும் குறித்து மறுநாள் அதுபற்றிக் கலந்து பேசுதல் ஆகிய இவையே. முதலாண்டிலேயே பயிற்சி பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 விழுக்காடு உயர்ந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது.

முன்னரே ஏன் செய்யவில்லை என்று வினவியபோது, தம் ஆலை நன்றாகவே நடப்பதாகப் பல உரிமையாளர் கருதியிருந்தமை தெரிந்தது. தரக்குறைவை அளந்து பார்த்தறியாதவர்க்கு அது தெரிவதெங்ஙனம்? மற்றொன்றும் புலனாயிற்று. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது, உரிமையாளர் குடும்பத்தில் நம்பத்தக்க ஆண்மக்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்திருந்தது. வெளியாரை நம்பி முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்க அவர்கள் அஞ்சினர். நம் இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் இது பொருந்தாதா? ஒருவரே தலைவர், அவரே செயலாளர், சாவியும் அவரிடமே என்ற நிலையைப் பல ஊர்களில் காண்கின்றோம். அவர் தொண்டுள்ளம் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடையில்லை. பகவான் மகாவீரரின் சங்கத்தில் பதினொரு கணதரர் இருந்தமையை எண்ணிப் பார்ப்போம். முற்றுணர்ந்த பெருமானின் சங்கமே கணங்களாகப் பிரிந்து பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததெனில், நம்போன்றோர் எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்திருப்பது தகுமோ? நாம் போற்றும் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே உள்ளது. தக்காரை ஆராய்ந்து தெரிந்தபின் வேலையை அவர் பொறுப்பில் விடுதலே அதன் உட்கிடை.

அதே ஆலைகளை ஆய்வாளர்கள் 2017-இல் மீண்டும் சென்று பார்த்தனர். கற்பித்த பழக்கங்களுள் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியதும், உரிமையாளர்க்கு நேரமின்மையும் அதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை. ஆயினும் எஞ்சிய பாதியாலேயே அவை பயிற்சி பெறாத ஆலைகளினும் மேலாக நடந்து வந்தன. நல்ல வழக்கம் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். எழுதிவைத்து, அடுத்தவர்க்குப் பழக்கினால் நிற்கும் என்பது இதனால் பெறப்படும்.

நிமித்தத்தின் எல்லை

இத்துணையும் கூறியபின், மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. நும்மி ஆலை 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நிலைக்குச் சென்றபோது இக்கூட்டிலிருந்து விலகிற்று. டொயோட்டாவும் தொடர விரும்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்கள் வேலையில் குறை வைத்ததனால் நேர்ந்ததன்று இது. உரிமையாளர் எடுத்த முடிவு. ஆலையின் உள்ளே நிர்வாகம் எத்துணைச் சிறந்ததாயினும் புறக்காரணங்கள் அனைத்தும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை அல்ல.

டொயோட்டாவுக்கும் சோதனை வந்தது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பாதுகாப்புக் குறைகளுக்காகப் பல இலட்சம் கார்களை அது திரும்பப் பெற நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் அதன் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தம் நிறுவனம் அளவுக்கு மீறிய விரைவில் வளர்ந்துவிட்டதென ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். குறை கண்டவிடத்து நிற்கக் கற்பித்தவர்களே வளர்ச்சியின் வேட்கையில் நிற்க மறந்தனர். பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்துக் கொள்ளும் நம் அணுவிரதத்தின் பொருள் வணிகத்திற்கும் பொருந்தும் என்பதற்கு இஃதொரு சான்று.

நாம் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் முதற்பொருளாக "கண்ட குறைகள்" என்பதை வைத்தல். வயதில் இளையவரும் மகளிரும் முதலில் பேசுதல். மூத்தோர் இறுதியில் பேசுதல்.

2. குறை சொன்னவருக்கு நன்றி கூறிக் குறிப்பேட்டில் எழுதுதல். அடுத்த கூட்டத்தில் அது தீர்ந்ததா என்பதைப் படித்தல். தீராவிடின் காரணத்தையேனும் அவருக்குத் தெரிவித்தல்.

3. "யார்?" என்று கேட்கும் முன் "ஏன்?" என்று கேட்டல்.

4. ஒவ்வொரு பொறுப்புக்கும் உடன் ஓர் இளைஞரைப் பழக்குதல். சாவி இருக்குமிடமும் கணக்கு எழுதும் முறையும் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருத்தல்.

5. திருவிழா, அன்னதானம் முதலியன முடிந்த வாரத்திலேயே, வருங்காலத்துக்கு உதவும்படி நிகழ்ந்தவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தல்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தசதருமங்களுள் முதல் மூன்றே போதும். சொல்பவருக்கு ஆர்ஜவம் என்னும் நேர்மை வேண்டும். கேட்பவருக்கு மார்தவம் என்னும் பணிவு வேண்டும். இருவருக்கும் க்ஷமை என்னும் பொறை வேண்டும்.

நம் சமூகம் எண்ணிக்கையில் சிறியது. ஊர்களில் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. பல ஜினாலயங்களை ஓரிருவரே காத்து வருகின்றனர். இந்நிலையில் தாமாக முன்வரும் ஒருவரையும் இழக்க நமக்கு இயலாது. "ஆட்கள் சரியில்லை" என்று சொல்ல நா எழும்போதெல்லாம் ஃப்ரீமாண்ட் ஆலையை நினைப்போம். உபாதானம் நம் இளைஞரிடத்தே நிறைந்துள்ளது. நாம் தக்க நிமித்தமாக இருக்கின்றோமா என்பதே கேள்வி.

சுவாத்தியாயக் குழுக்கள் சிந்திக்க:

அ. உபகூஹனத்திற்கும் குறையை ஒளித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.

ஆ. உங்கள் இல்லத்தில் ஒரு பிள்ளை தன் பிழையைத் தானாக வந்து சொல்லும் நிலை உள்ளதா? இல்லையெனில், தடுப்பது யாது?

இ. உங்கள் சங்கத்தில் ஒருவர் மட்டுமே அறிந்துள்ள செய்திகள் யாவை? அவற்றை யாருக்குப் பழக்கலாம்?

வாழ்க அறம்! ஓங்குக ஜினதருமம்!